மூன்று அடுக்குக் கண்ணாடியும் ஒன்பது அங்குலச் சுவரும்

கிழக்கு லண்டனின் குட்மேய்ஸில் வீடு வாங்கிய நம்மவர்களிடம் ஜன்னல் மாற்றுவதைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். முதல் கேள்வி, "டபுளா, ட்ரிபிளா?" என்பதாகத்தான் இருக்கும். ட்ரிபிள் என்றால் புருவம் உயரும். அடுத்தது விலை. அதற்கடுத்தது யாரைப் பிடித்தீர்கள் என்பது. சுவரின் தடிப்புக்குள் ஜன்னலை எந்த ஆழத்தில் வைத்தார்கள் என்று கேட்கும் ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. கேட்டாலும் பதில் ஆயத்தமாக இருக்கிறது: "கண்ணாடிதான் அண்ணை முக்கியம், மிச்சத்தை ஃபிட்டர் பார்த்துக்கொள்ளுவான். பழசு இருந்த இடத்தில புதுசு, அவ்வளவுதான்."

இந்த "அவ்வளவுதான்" என்பதோடுதான் எனக்குச் சண்டை. சுவருக்கு வெப்பக் காப்பு போட்டுத் தடிப்பாக்கப்போகும் ஒருவர், கண்ணாடியின் அடுக்கை மட்டும் எண்ணிவிட்டு ஜன்னலின் இடத்தைத் தற்செயலுக்கு விட்டால், கூடுதல் அடுக்குக்குக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதியைச் சட்டத்தின் ஓரங்கள் வழியாகத் தெருவுக்கு அனுப்புகிறார். சுவருக்குக் காப்பே போடாமல் ஜன்னலை மட்டும் மாற்றுபவருக்கு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. அதையே முதலில் சொல்லிவிடலாம்.

குட்மேய்ஸ் ரயில் நிலையம் திறந்தது 1901இல். அந்த நிலையத்தைச் சுற்றி வீதி வீதியாக எழுந்த வீடுகளில் பெரும்பங்கு ஆர்ச்சிபால்ட் கேமரன் கார்பெட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் போட்ட மனைத்திட்டங்களில் வந்தவை. அவர் மதுவிலக்குக்காரர், தன் மனைகளில் மதுக்கடைக்கு இடம் கொடுக்கவில்லை. வீட்டு முகப்புச் செங்கல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு செங்கல் நீளவாக்கில், அடுத்தது தலையை மட்டும் காட்டிக்கொண்டு, மறுபடி நீளவாக்கில் என்று மாறி மாறி வந்தால் அது இடைவெளியில்லாத ஒன்பது அங்குலச் சுவர். எல்லாமே நீளவாக்கில் இருந்தால் நடுவில் காற்றிடைவெளி விட்ட, பெரும்பாலும் பிற்காலத்துச் சுவர். நிலையத்தை ஒட்டிய பழைய தெருக்களில் முதல் வகைதான் அதிகம்.

சுவரோ கண்ணாடியோ, ஒரு சதுர மீட்டர் பரப்பில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு பாகை வித்தியாசம் இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் தப்புகிறது என்பதை யு மதிப்பு என்பார்கள். குறையக் குறைய நல்லது. ஒன்பது அங்குலச் சுவருக்கு அது சுமார் 2. பழைய ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 5. நல்ல மூன்றடுக்கு ஜன்னலுக்கு 0.8. வெளியே 0 பாகை, உள்ளே 20 பாகை என்று வைத்துக்கொண்டால், ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 7 பாகைக்கு இறங்கும். வெறும் செங்கல் சுவரின் உள்முகம் 15க்குச் சற்றுக் கீழே நிற்கும். அந்தக் காலத்தில் கண்ணாடி வியர்த்தது. காலையில் ஒரு துணியால் துடைத்தோம், முடிந்தது. அறையிலேயே குளிர்ந்த இடம் கண்ணாடி என்பதால் ஈரம் முழுவதும் அங்கே போய் உட்கார்ந்தது. மூன்றடுக்குக் கண்ணாடி வந்ததும் அதன் உள்முகம் 18 பாகையைத் தொடுகிறது. இப்போது அறையில் குளிர்ந்த இடம் எது? சுவர் மூலை, அலமாரியின் முதுகுப்புறம், எல்லாவற்றுக்கும் மேலாக ஜன்னல் குழியின் பக்கச்சுவர். "புது ஜன்னல் போட்ட பிறகுதான் பூஞ்சணம் வந்தது" என்று குறைப்படுபவர்கள் பொய் சொல்லவில்லை. துடைக்க முடிந்த கண்ணாடியிலிருந்து துடைக்க முடியாத பூச்சுக்கு ஈரத்தை இடம் மாற்றியிருக்கிறார்கள்.

பூஞ்சணம் முளைக்கத் தண்ணீர் வழியவும் வேண்டியதில்லை. 20 பாகை அறையில் ஈரப்பதம் 60 விழுக்காடாக இருந்தால், 12 பாகைக்கு இறங்கிய பரப்பில்தான் நீர் பூக்கும். ஆனால் 15 பாகையிலேயே அந்தப் பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிவிடும். பூஞ்சணத்துக்கு அதுவே போதும். சோறு வடித்து, குழம்பு கொதித்து, குளிர்காலத்தில் ரேடியேட்டர் மேல் துணி காயும் வீட்டில் 60 விழுக்காடு என்பது தாராளமான கணக்கு அல்ல.

சரி, சுவருக்கும் காப்பு போடுகிறோம் என்கிறீர்கள். நல்லது. வெளிப்பக்கத்தில் 100 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீனோ கனிமக் கம்பளியோ ஒட்டி மேலே பூசினால் சுவரின் யு மதிப்பு 2லிருந்து 0.3 அளவுக்கு இறங்கிவிடும். இங்கிலாந்தின் கட்டட விதிகள் பழைய சுவரை மேம்படுத்தும்போது எதிர்பார்ப்பதும் 0.30தான். சுவர் இப்போது ஓரடிக்கு மேல் தடிப்பு. ஜன்னல் எங்கே நிற்கிறது? மேலும் கீழும் நகர்த்தித் திறக்கும் பழைய சாஷ் ஜன்னலின் மரப்பெட்டி, வெளிப்புற அரைச்செங்கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. பல வீடுகளில் அதை எடுத்துவிட்டு வந்த பிவிசி சட்டமும் அதே இடத்தில் நிற்கிறது. அதாவது செங்கல்லின் வெளிமுகத்திலிருந்து நாலங்குலம் உள்ளே.

அந்த நாலங்குலத்தை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முகப்பு முழுக்கக் காப்பு போர்த்தியாகிவிட்டது. ஆனால் ஜன்னல் குழிக்குள் திரும்பும் இடத்தில், சட்டத்துக்கு முன்னால், செங்கல் வெறுமையாக நிற்கிறது. அல்லது பெயருக்கு ஒரு மெல்லிய பூச்சு. அறைக்குள்ளிருக்கும் வெப்பம் நேரே வெளியே போக வழியில்லை. அது உள்பூச்சு வழியாகச் செங்கல்லுக்குள் இறங்கி, சட்டத்தைச் சுற்றி வளைந்து, இந்த நாலங்குல வெற்றுச் செங்கல் வழியாக வெளியேறிவிடும். காப்பு எவ்வளவு தடிப்போ, அவ்வளவுக்கு இந்தச் சுற்றுவழிதான் எளிய வழி. ஏழு லீவர் பூட்டு வாங்கி உளுத்த நிலையில் மாட்டியவர் கதைதான்.

"அங்கேயும் காப்பைத் திருப்பிவிட்டால் போச்சு" என்பார் கொத்தனார். திருப்பலாம், இடமிருந்தால். பிவிசி சட்டத்தின் வெளிமுகம் செங்கல்லை ஒட்டி நிற்கிறது. அதன் மேல் 30 மில்லிமீட்டர் காப்பு ஏறினால், ஜன்னலின் கீல் பக்கம் திறக்காது, அல்லது சட்டமே கண்ணுக்குத் தெரியாமல் போகும். அதனால் 10 மில்லிமீட்டரில் ஏதோ ஒட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். புது ஜன்னலுக்கு அளவெடுக்கும்போதே சட்டத்தைச் சுற்றிக் கூடுதல் பட்டை ஒன்றை மாட்டித் தரச் சொல்லியிருந்தால் இந்த இக்கட்டே இல்லை. சட்டத்தோடு கவ்விக்கொள்ளும் அந்தப் பட்டைகள் 20, 40 மில்லிமீட்டர் அகலங்களில் சாதாரணமாகவே கிடைக்கின்றன. கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அளவெடுக்க வருபவருக்குச் சுவரில் காப்பு வரப்போவது தெரியாது. காப்பு போட வருபவர் வரும்போது ஜன்னல் முடிந்துபோன கதை.

கணக்கையும் போட்டுவிடலாம். ஜன்னலின் ஓரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும், ஒரு பாகை வித்தியாசத்தில், கூடுதலாக எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. வெற்றுச் செங்கல் குழியில் வைத்த ஜன்னலுக்கு 0.15 வாட் என்று வைத்துக்கொள்வது மிகையில்லை. காப்பின் தளத்தில் வைத்து, காப்பு சட்டத்தின் மேல் ஏறியிருந்தால் 0.03க்கு இறக்கலாம். 1.23 மீட்டர் அகலம், 1.48 மீட்டர் உயரமுள்ள ஜன்னல், பரப்பு 1.82 சதுர மீட்டர், சுற்றளவு 5.42 மீட்டர். 0.8 யு மதிப்புள்ள மூன்றடுக்கு ஜன்னலை மோசமான இடத்தில் வைத்தால், ஓரக் கசிவையும் சேர்த்து அதன் உண்மையான மதிப்பு 1.25. 1.2 யு மதிப்புள்ள இரண்டடுக்கு ஜன்னலைச் சரியான இடத்தில் வைத்தால் 1.29. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான். மூன்றாவது கண்ணாடிக்குக் கொடுத்த காசு எங்கே போயிற்று என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

வாட் கணக்கில் பார்த்தால் ஒரு ஜன்னலுக்கு இந்த வித்தியாசம் கடுங்குளிர் நாளில் 13 வாட்தானே, ஒரு எல்இடி விளக்கின் அளவுதானே என்று யாராவது கேட்கலாம். கேட்பது நியாயம். ஆனால் மூன்றாவது அடுக்கு மிச்சப்படுத்தித் தருவதும் ஏறக்குறைய அதே 14, 15 வாட்தான். 13 வாட் சின்னத் தொகை என்றால் மூன்றாவது அடுக்குக்கு மட்டும் அந்தச் செலவு எதற்கு? அதோடு, கேஸ் பில்லை விடப் பக்கச்சுவரின் வெப்பநிலைதான் எனக்குப் பெரிய விஷயம். அது 15 பாகைக்கு மேலே நிற்கிறதா, கீழே போகிறதா என்பதில்தான் குழந்தையின் அறையில் கறுப்புப் புள்ளிகள் வருமா வராதா என்பது இருக்கிறது. ரோச்டேல் நகரில் பூஞ்சணம் படர்ந்த வீட்டில் வாழ்ந்த இரண்டு வயது அவாப் இஷாக் 2020இல் இறந்தான். 2022இல் மரண விசாரணை நீண்டகாலப் பூஞ்சணத்தையே காரணமாகச் சொன்னது. அந்த வீட்டில் காற்றோட்டம் போதாதிருந்ததையும் அது குறித்தது. அதற்குப் பிறகும் பூஞ்சணத்தை அழகுப் பிரச்சினையாகப் பேசுவது சரியில்லை.

நான் எடுத்த 1.23க்கு 1.48 என்ற அளவும் காரணத்தோடுதான். ஜன்னல்களின் யு மதிப்பைக் கணக்கிடத் தொழிலில் புழங்கும் நியம அளவு அது. ஒட்டுச்சீட்டில் நீங்கள் பார்க்கும் எண் சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் உரியது. உங்கள் வீட்டுச் சுவர் அந்தக் கணக்கில் இல்லை. கட்டட விதியும் மாற்று ஜன்னலுக்கு 1.4 அல்லது பி தரம் என்று கேட்கிறது. உங்கள் கையில் வரும் சான்றிதழும் அதைத்தான் சொல்லும். ஜன்னல் குழிக்குள் எங்கே நிற்கிறது என்பதை அந்தத் தாள் சொல்வதில்லை. "சர்டிபிகேட் இருக்கு" என்று சமாதானம் சொல்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அடுத்த வாதம் வெளிச்சம். "சுவர் ஓரடிக்கு மேல் போனால் ஜன்னல் குகையாகிவிடும். அதனால் சட்டத்தை வெளியே தள்ளக் கூடாது, உள்ளே தள்ளக் கூடாது, இருந்த இடத்திலேயே விட்டுவிடு." கேட்க அறிவாகத்தான் இருக்கிறது. ஆனால் குழியின் மொத்த ஆழத்தைத் தீர்மானிப்பது சுவர். கண்ணாடி அந்தக் குழியின் முன்னால் நின்றாலும் நடுவில் நின்றாலும் பின்னால் நின்றாலும், அறைக்குள் வரும் வெளிச்சம் கடந்துவர வேண்டிய குழி அதே குழிதான். காப்பு போட்டதால் 100 மில்லிமீட்டர் கூடியது உண்மை. அதில் ஓரத்து வெளிச்சம் கொஞ்சம் போவதும் உண்மை. காப்பின் விளிம்பைச் சாய்வாகச் செதுக்கினால் அதில் பாதியை மீட்கலாம். குட்மேய்ஸ் வீடுகளில் வெளிச்சத்தை உண்மையில் தின்றது எது? ஒல்லியான மரச் சாஷ் இருந்த இடத்தில் வந்த பருத்த பிவிசி சட்டம். பக்கத்துக்கு நாலு விரற்கடைக்கு மேல் வெள்ளைப் பிளாஸ்டிக். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

குழிக்குள் பதிந்த ஜன்னல் இந்த ஊருக்குப் புதுசும் அல்ல. 1666 பெருந்தீயின் அச்சம் தெளியாத லண்டனில், 1709இல் வந்த சட்டம் மரச் சட்டத்தைச் சுவரின் முகத்திலிருந்து குறைந்தது நாலங்குலம் உள்ளே வைக்கச் சொன்னது. 1774 சட்டம் சாஷ் பெட்டியையே செங்கல்லுக்குப் பின்னால் ஒளிக்கச் சொன்னது. குட்மேய்ஸ் அப்போது எஸெக்ஸ் வயல்வெளி. அந்தச் சட்டங்கள் இங்கே செல்லாது. இரண்டு நூற்றாண்டுக் கைப்பழக்கம் மட்டும் கொத்தனாரோடு இங்கே வந்து சேர்ந்தது. நெருப்புக்குப் பயந்து 1709இல் பிறந்த அந்த நாலங்குலத்தை, காரணமே தெரியாமல் 2020களிலும் "பழசு இருந்த இடம்" என்று காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம்.

நம் ஊரில் ஜன்னலுக்கு மேல் சன்ஷேடு நீட்டுவோம், வெயிலும் மழையும் நேரே அடிக்கக் கூடாதென்று. காப்பின் ஆழத்தில் பதிந்த கண்ணாடிக்கு அந்த வேலையைக் குழியே செய்கிறது. தெற்கு பார்த்த ஜன்னல் 100 மில்லிமீட்டர் உள்ளே இருந்தால், லண்டனில் ஜூன் மாதப் பிற்பகுதி நடுப்பகலில் சூரியன் 62 பாகை உயரத்தில் நிற்கும்போது கண்ணாடியின் மேற்பகுதியில் கிட்டத்தட்ட 19 சென்டிமீட்டர் நிழல் விழும். டிசம்பரில் சூரியன் 15 பாகைக்கு மேல் ஏறாதபோது நிழல் 3 சென்டிமீட்டர்கூட வராது. வேண்டாத வெயிலைத் தடுத்து, வேண்டிய வெயிலை விடுகிறது. 2022 ஜூலை 19 அன்று ஹீத்ரோவில் 40 பாகையைத் தாண்டிய நகரம் இது. இதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும்.

எதிர்த்தரப்பில் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. விசித்திரம், அதை யாரும் சொல்வதில்லை. பிரிட்டனில் ஜன்னல்கள் வெளிப்பக்கம் திறப்பவை. ஆழமான குழிக்குள் வைத்தால் கதவு பக்கச்சுவரில் முட்டலாம். மாடியில் நின்று வெளிக்கண்ணாடியைத் துடைப்பது கடினம். தீ விபத்தில் தப்பும் வழியாக இருக்க வேண்டிய ஜன்னல் போதுமான அளவு திறக்க வேண்டும். உள்பக்கம் சாய்ந்தும் திரும்பியும் திறக்கும் ஐரோப்பிய வகை இதையெல்லாம் தீர்க்கும். ஆனால் திரைச்சீலையும் ஜன்னல் திண்டில் அடுக்கிய பூந்தொட்டிகளும் வழிவிட வேண்டும். வளைந்து முன்னே நீளும் பே ஜன்னலில் தொல்லை இன்னும் பெரிது: கண்ணாடிகளுக்கு நடுவே தூண் அளவுக்குத்தான் சுவர், காப்புக்கு இடமே இல்லை. அங்கே சில இடங்களில் நான் சொல்வது முழுமையாக நடக்காது. நடக்கும் இடத்தில் செய்யாமல் விடுவதற்கு அது சாக்காகாது.

சரியான இடம் எது? ஜன்னல் காப்போடு போக வேண்டும். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் 1991இல் கட்டிய முதல் பாசிவ்ஹவுஸ் (வெப்பத் தேவையை மிகக் குறைத்துக் கட்டும் வீடு) காலத்திலிருந்து இதை அந்தத் துறைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். புதிய வீடானால் காப்பின் நடுத்தளம். குட்மேய்ஸின் பழைய வீட்டில் வெளிக்காப்பு போடுகிறீர்கள் என்றால் சட்டத்தைச் செங்கல்லின் வெளி விளிம்புக்கு முன்னே கொண்டுவந்து, காப்பை அதன் மேல் 30 மில்லிமீட்டராவது ஏற்றலாம். அதற்கும் முன்னே, காப்புக்குள்ளேயே இரும்புத் தாங்கிகளில் தொங்கவிடுவது இன்னும் சிறப்பு. வரிசை வீட்டுக்காரருக்கு அந்தச் செலவு அவசியமில்லை என்பது என் எண்ணம். முகப்புச் செங்கல்லை மறைக்க மனமில்லாமல் உள்பக்கம் காப்பு போடுபவருக்கு எல்லாம் தலைகீழ்: ஜன்னல் உள்ளே வர வேண்டும், குழியின் பக்கச்சுவரிலும் காப்பு திரும்ப வேண்டும்.

இடத்தைத் தவறவிட்டால் வெப்பத்தோடு போவதில்லை, தண்ணீரும் வரும். ஜன்னலுக்கு அடியில் மழைநீரைச் சுவரிலிருந்து தள்ளி விழவைக்கும் சில் கல், காப்பு வந்ததும் அதற்குள் புதைந்துபோகிறது. அதற்கு மேல் புது உலோகச் சில் ஒன்று, பூச்சைத் தாண்டி நீண்டு, இரு முனையிலும் மேல்நோக்கி மடிந்த விளிம்போடு வர வேண்டும். முனையை மடிக்காமல் சிலிக்கானை இழுத்துவிட்டுப் போனால் சில ஆண்டுகளில் சிலிக்கான் பிளந்து, மழைநீர் காப்புக்கும் செங்கல்லுக்கும் நடுவில் இறங்கும். பிரெஸ்டன் நகரின் ஃபிஷ்விக் பகுதியில் 2013 வாக்கில் 300க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெளிக்காப்பு போட்டார்கள். அரைகுறை வேலையால் நீர் புகுந்து வீடு வீடாக ஈரமும் பூஞ்சணமும் படர்ந்தன. அது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2025 அக்டோபரில் பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம், அண்மைய அரசுத் திட்டங்களில் வெளிக்காப்பு போட்ட வீடுகளில் 98 விழுக்காட்டில் சரிசெய்தே ஆக வேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக மதிப்பிட்டது. கிட்டத்தட்ட எல்லா வீடும். "இங்க எல்லாரும் இப்பிடித்தான் செய்யினம்" என்பது ஆறுதலா, எச்சரிக்கையா?

ஃபோம் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே துப்பாக்கியால் பீச்சி, பொங்கி நின்றதைக் கத்தியால் சீவி, மேலே பிளாஸ்டிக் பட்டியால் மறைத்துவிட்டால் இடைவெளி அடைந்தது போலத் தெரியும். சீவிய ஃபோம் காற்றை முழுமையாகத் தடுக்காது. உள்பக்கம் காற்றுத்தடை நாடா, வெளிப்பக்கம் மழையைத் தடுக்கும் விரிநாடா என்று இரண்டும் வேண்டும். ஒரு நாளைக்குள் முழு வீட்டு ஜன்னலையும் மாற்றிவிட்டுப் போகும் குழுவுக்கு இதற்கு நேரமில்லை.

இவ்வளவு இறுக்கினால் வீடு மூச்சுத்திணறாதா என்பார்கள். திணறும், சமையலறையிலும் குளியலறையிலும் காற்றை இழுக்கும் விசிறி ஓடாவிட்டால். அடுப்பின் மேல் வினாடிக்கு 30 லிட்டர், குளியலறையில் 15 லிட்டர் என்பது விதி. 2022 ஜூன் முதல் மாற்று ஜன்னல்களில் ட்ரிக்கிள் வென்ட் என்ற சிறு காற்றுத்துளை பொதுவாகக் கட்டாயம். குளிருது என்று அதில் செல்லோடேப் ஒட்டும் பழக்கத்தை விட வேண்டும். ஒழுகும் ஜன்னலைக் காற்றோட்டம் என்று அழைப்பவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

மிச்சமிருப்பது செலவு. சட்டத்தை நாலங்குலம் நகர்த்துவதில் கூடுகிற செலவு உண்மைதான்: உள்பூச்சு உடையும், ஜன்னல் திண்டு நீளும், கூடுதல் பட்டைகளுக்குக் காசு. ஆனால் சாரம் கட்டுவது ஒரு முறைதான். இந்த ஆண்டு ஜன்னல், மூன்று ஆண்டு கழித்து மானியம் கிடைத்தால் காப்பு என்று பிரித்தால் இரண்டையும் பாழாக்குகிறீர்கள். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால், பழைய டபுள் கிளேசிங் உடையாமல் இருக்கும்வரை அதையே வைத்துக்கொண்டு காத்திருங்கள். ட்ரிபிளுக்கு ஒதுக்கிய பணத்தில் இரண்டடுக்கு வாங்கி, மிச்சத்தைக் குழியின் ஓரத்தில் செலவழிப்பதும் நல்ல கணக்குத்தான்.

கொட்டேஷன் வாங்கும்போது, ஜன்னலின் பக்கத்தையும் அடியையும் குறுக்கே வெட்டிக் காட்டும் ஒரு படம் கேளுங்கள்: செங்கல், காப்பு, சட்டம், நாடா, சில், ஒவ்வொன்றுக்கும் மில்லிமீட்டரில் அளவோடு. மானிய வேலை என்றால் ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவரை நியமித்திருப்பார்கள். அவரிடமும் அதையே கேளுங்கள். ஃபிட்டர் தன் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் கிறுக்கித் தந்தாலும் பரவாயில்லை. அதில் காப்பின் கோடு சட்டத்தைத் தொடாமல் இடையில் அறுந்து நின்றால், முன்பணம் கொடுக்காதீர்கள்.